ஆமை போன வழி

என் கணவர் பல் செட் செய்பவர். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று சரியாக உட்காரும்வரை இழைத்துக்கொண்டிருப்பது அவர் வேலை. ஒரு கடவாய்ப் பல் மயிரிழை உயர்ந்தாலும் முகம் தெரியாத யாரோ ஒருவர் மென்று தின்ன முடியாமல் தவிப்பார் என்பதால், பகல் முழுவதும் அவர் வாயைத் திறப்பதில்லை. நான் ஒரு மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் இருக்கிறேன். எந்த மருத்துவர், எந்த நாள், எத்தனை மணிக்கு, வெறும் வயிற்றில் வர வேண்டுமா, கூட ஆள் வர வேண்டுமா என்று பகல் முழுவதும் பேசுகிறேன். மாலையில் வீடு திரும்பும்போது எனக்குப் பேச்சு தீர்ந்துபோயிருக்கும். அவருக்குத் தொடங்கியே இருக்காது.

திருமணமான ஒன்பது ஆண்டுகளில் பெரும்பாலான மாலைகள் இப்படியே கழிந்தன. சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. பால் தீர்ந்துவிட்டது, குளியலறை விளக்கு போய்விட்டது, துணி காய்ந்துவிட்டது என்ற அளவில் செய்திப் பரிமாற்றம் இருந்தது. அதைப் பேச்சு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் ஆமை வந்தாள்.

சமையலறைத் தொட்டியில் அடைத்துக்கொண்ட குழாயை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு மாலை தொலைக்காட்சியில் வீடியோ தேடிப் பார்த்தோம். அது முடிந்ததும் தானாகவே அடுத்தது ஓடத் தொடங்கியது. யாரோ ஒரு பெண், முகம் காட்டாமல், ஒரு வீடியோ கேமை விளையாடிக்கொண்டிருந்தாள். அணைக்கட்டு நீரில் மூழ்கப்போகும் ஒரு ஊர். மக்கள் எல்லோரும் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாக வீடு வீடாகச் சென்று அளந்து வரைபடம் போட ஒரு நில அளவையாளர் வருகிறார். அவரை நடத்திக்கொண்டு போவதுதான் விளையாட்டு. அந்தப் பெண் அவரை அவசரமில்லாமல் நடத்தினாள். அளக்க வேண்டிய சுவரை விட்டுவிட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பூட்டிய கதவை மூன்று முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "சரி, விடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றே நாங்கள் அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டோம். குழாய் இரண்டு நாள் அடைத்தபடியே கிடந்தது.

ஆமை தினமும் ஒரு மணி நேரப் பகுதியை வெளியிட்டாள். ஏழு மணிக்கு நாங்கள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவோம். அவளுக்கு நாங்கள் ஒருமுறைகூட எதையும் எழுதி அனுப்பியதில்லை. எங்களுக்குள் பேசவே நேரம் போதவில்லை.

"பூனைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வச்சிருக்கு பாருங்க. ஊரை விட்டுப் போறப்பகூட கழுவிட்டுப் போயிருக்காங்க."

"பூனையையும் கூட்டிட்டுத்தானே போயிருப்பாங்க."

"அப்போ தட்டை ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

"புதுசு வாங்கியிருப்பாங்க."

"நீங்களா இதைச் சொல்றீங்க? பழசு உடையறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு புதுசா வாங்கின சரித்திரம் உண்டா?"

"உன்னைக் கட்டிக்கிட்டேனே, அப்போ பழசு எதுவும் உடையலையே."

இப்படித்தான் ஒரு மாலை, ஆமை ஒரு காலி வீட்டின் பரணை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் சிறு வயதில் ஏழு வீடுகள் மாறியவர் என்பதும், ஒவ்வொரு முறையும் எதையோ மறந்துவிட்டு வந்ததாகவே அவருக்குத் தோன்றும் என்பதும் எனக்குத் தெரியவந்தது. ஒன்பது ஆண்டுகளாக நான் கேட்காத கேள்விக்கு, எங்கோ இருக்கும் ஒருத்தி ஒரு பரணைத் திறந்து பதில் வாங்கிக் கொடுத்தாள். அடுத்தவர் விளையாடுவதைப் பார்ப்பது சோம்பேறித்தனம் என்பவர்கள் இருக்கிறார்கள். கைகளுக்கு ஓய்வு கிடைத்தால்தான் சிலருக்கு வாய் திறக்கிறது என்று நான் அவர்களுக்குச் சொல்வேன்.

சோம்பேறித்தனம் என்று சொன்னவர்களில் முதல் ஆள் என் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் இன்னொரு கோடியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். எந்த வேலையையும் பாதி மூச்சில் முடித்துவிட்டு மீதி மூச்சில் அடுத்த வேலையைத் தேடுகிற ரகம்.

"அடுத்தவங்க சாப்பிடறதைப் பாத்து யாராவது பசியாறுவாங்களா மாமா?" என்றான்.

"நீ ஃபுட்பால் பாக்குறியே. பந்து வாங்கியாச்சா?"

"அது வேற."

"எப்படி வேற?"

தம்பி சற்று யோசித்தான். "அது வேற மாமா" என்று முடித்துக்கொண்டான்.

அவனுக்குப் பதவி உயர்வு வந்த மாதம், ஒரு பெரிய பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கேம் விளையாடும் இயந்திரம். கூடவே, ஆமை விளையாடிக்கொண்டிருந்த அதே கேம். தொலைக்காட்சிக்குப் பின்னால் படுத்து வயர்களை அவனே செருகினான். எழுந்து முழங்கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே, "இனிமே நீங்க வேடிக்கை பாக்க வேணாம் மாமா. நீங்களே விளையாடலாம்" என்றான்.

வீட்டில் கடைசியாகப் பிறந்தவன், வாங்கிக்கொண்டே வளர்ந்தவன். அவன் எங்களுக்குக் கொடுத்த முதல் பொருள் அது. "எதுக்குடா இதெல்லாம்" என்றேன், சம்மதம் சொல்லும் குரலில். என் கணவர் கன்ட்ரோலரை வாங்கி, புதிதாக வந்த அச்சு ஒன்றைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து ஏழு மணி அவருடைய விளையாட்டு நேரமாகிவிட்டது. தம்பி தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, "எத்தனை வீடு முடிச்சீங்க மாமா?" என்று கேட்டான். ஒரு வீடாவது முடித்ததாகச் சொல்ல வேண்டுமே என்று இவர் உட்கார்ந்தார். முதுகை வளைத்து, தாடையை இறுக்கி, பட்டறையில் பல் நடும்போது எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தார். நான் வழக்கம்போல, "அந்தத் திரையைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் கிழிஞ்சிருக்கு" என்றால், "ஒரு நிமிஷம்" என்பார். அந்த நிமிடம் முடிவதற்குள் அளவையாளர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

மூன்றாம் நாள், நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "கொஞ்சம் சும்மா இரேன்" என்றார்.

அதில் கோபம் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் அரத்தை எடுத்துத் தரச் சொல்லும் தொனிதான். ஆனாலும் நான் எழுந்துபோய்த் துணி மடிக்கத் தொடங்கினேன். அடுத்த நாளும் மடித்தேன். மடித்துவைத்த துணியையே பிரித்து மீண்டும் மடித்தேன் என்று சொன்னால் என் நிலைமை புரியும். நான் இழந்துகொண்டிருந்தது ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம்தான். எங்கள் இருவரின் பேச்சும் குடியிருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்பதால், மற்ற இருபத்து மூன்றும் பழையபடி பால், விளக்கு, துணி என்று ஆகிவிட்டன. இதைச் சொன்னால் தம்பியின் முகம் வாடும். சொல்லாவிட்டால் இப்படியே பழகிப்போகும். பழகிப்போவது எவ்வளவு எளிது என்று எனக்கு ஒன்பது ஆண்டு அனுபவம் இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும், "எங்க மாமா, விளையாடுங்க, பாக்கலாம்" என்று தம்பி சோபாவில் சாய்ந்தான். நானும் வந்து உட்கார்ந்தேன்.

அளவையாளர் ஐந்தாம் தெருவுக்குள் நுழைந்தார். மஞ்சள் வீட்டின் முன்கதவை மூன்று முறை தள்ளினார். பின்பக்கமாகச் சுற்றி வந்தார். சமையலறையில் முதலில் இடப்பக்க அலமாரி, பிறகு ஜன்னல், பிறகு அடுப்பின் அடியில் குனிந்து ஒரு பார்வை. இதை நான் பார்த்திருக்கிறேன். இதே வரிசையில், இதே தயக்கத்தோடு. அளவையாளர் மாடிப்படி ஏறினார். நடு அறையின் மரத்தளத்தில் கால் வைத்தார். தளம் முறிந்தது. அவர் கீழே விழுந்து கால் ஒடிந்து கிடக்க, திரை இருண்டு, அன்றைய காலை மறுபடி தொடக்கத்திலிருந்து விடிந்தது.

"அந்தத் தளம் இடியும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் அதுமேல போனீங்க?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ அந்த வழியாத்தானே போனா" என்றார்.

"யாரு?" என்றான் தம்பி.

"ஆமை. அவ போன வழியிலயேதான் உங்க மாமா போயிருக்காரு. கதவு திறக்காதுன்னு தெரிஞ்சும் மூணு தடவை தள்ளியிருக்காரு. அவ விழுந்த இடத்துலயே விழுந்து எழுந்திருச்சிருக்காரு."

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, இதுக்குப் பேரு விளையாடறது இல்ல. மனப்பாடம் ஒப்பிக்கறது." சிரித்து முடித்தபிறகுதான் தன்னோடு யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

என் கணவர் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். நட்ட பல் அசைந்துவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக வைத்தார்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க மாமா."

"எனக்கு விளையாடப் பிடிக்கல. நீ வாங்கிக் கொடுத்தது பிடிச்சிருக்கு, அது வேற. பகல் பூரா ஒவ்வொரு பல்லுக்கும் நான்தான் முடிவு பண்றேன். சாயங்காலமும் எந்தக் கதவு, எந்த மாடின்னு நானே முடிவு பண்ணணுமா? வேற யாராவது பண்ணட்டும். நான் குறை சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு அதுதான் சுகம்." என்னை ஒருமுறை பார்த்தார். "அதோட, உங்க அக்கா ஒரு வாரமா என்கூடப் பேசறதில்ல."

"நான் பேசலையா? நீங்கதான் சும்மா இருன்னீங்க."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இந்தக் கதவைத் திறக்கவான்னு கேக்கலாம்னு திரும்பிப் பாத்தேன். நீ துணி மடிச்சிட்டிருந்தே."

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"தினமும்தான்."

தம்பி தலை குனிந்தபடி, சோபாவின் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தான்.

"அப்போ இதைத் திருப்பிக் கொடுத்திடவா அக்கா?"

சின்ன வயதில் கோடு தப்பிப்போன படத்தைக் கொண்டுவந்து காட்டி, கிழித்துவிடவா என்று கேட்பான். அதே குரல். நான் கன்ட்ரோலரை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"திருப்பியெல்லாம் கொடுக்க வேணாம். நீ விளையாடு. நாங்க பாக்குறோம்."

"நான் விளையாடறதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதை நாங்க சொல்றோம். நீ ஆரம்பி."

அவன் ஆரம்பித்தான். அதை விளையாட்டு என்பதைவிடச் சூறையாடல் என்பது பொருந்தும். கதவு, சுவர், அளவு, வெளியே. கதவு, சுவர், அளவு, வெளியே. மூச்சுவிடும் நேரத்தில் மூன்று வீடுகள் முடிந்துவிட்டன.

"அட, அந்த அலமாரி!" என்றார் என் கணவர், இருக்கையின் நுனிக்கு வந்து.

"அதுல ஒண்ணும் இருக்காது மாமா. பாயின்ட் கிடையாது."

"பாயின்ட்டை யாரு கேட்டா? உள்ள என்ன வச்சிருந்தாங்கன்னு பாக்க வேணாமா?"

"இவன் வீட்டுக்குள்ள போறானா, லிஃப்ட்டுக்குள்ள போறானா?" என்றேன். "கதவு திறக்குது, மூடுது, அடுத்த மாடி."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சுட்டீங்களா" என்று முனகியபடி அவன் திரும்பிப் போய் அலமாரியைத் திறந்தான். கீழ்த்தட்டில் குழந்தைச் செருப்புகள் நான்கு ஜோடி வரிசையாக இருந்தன.

"நாலும் ஒரே அளவு" என்றேன்.

"நாலு பிள்ளைங்களா இருக்கும்" என்றார் அவர்.

"ஒரே பிரசவத்துலயா? அந்தம்மா என்ன பாடுபட்டாளோ."

"செருப்புக் கடை வச்சிருந்திருப்பாங்க."

"கடைக்காரன் வீட்டுல செருப்பு தங்குமா?"

"தள்ளுபடியில அள்ளிட்டு வந்திருப்பாங்க" என்றான் தம்பி. சொன்னபிறகு, தானும் பேசிவிட்டோமே என்று திகைத்தவன்போல் எங்களைப் பார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, "இருங்க, மாடியில கட்டில் எத்தனைன்னு பாத்துடலாம்" என்று அளவையாளரைப் படியேற்றினான். இந்த முறை மெதுவாக ஏற்றினான்.

மாடியில் ஒரே ஒரு சிறிய கட்டில் இருந்தது.

"அப்போ தள்ளுபடிதான்" என்றார் என் கணவர், தீர்ப்புச் சொல்லும் தொனியில். தம்பியின் காதுகள் சிவந்தன. பதவி உயர்வு வந்த அன்றுகூட அவன் முகத்தில் அவ்வளவு பெருமை இல்லை.

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். "அறையில பல வருஷமா விளையாடுறேன்கா. பக்கத்துல யாரும் உக்காந்து பாத்ததே இல்ல" என்றான், வானிலை பற்றிச் சொல்வதுபோல. நான் அவன் கையில் மூன்று குவளைகளையும் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது வாரநாட்களில் ஆமை, ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி. அவன் இன்னும் அவசரக்காரன்தான். ஆனால் ஓர் அறையை விட்டு வெளியேறும் முன் அரை நொடி நின்று எங்கள் பக்கம் காதைச் சாய்க்கிறான்.

சென்ற ஞாயிறு அளவையாளர் ஒரு முச்சந்திக்கு வந்து சேர்ந்தார். இடப்பக்கம் பள்ளிக்கூடம், வலப்பக்கம் ஆற்றை ஒட்டிய வீடுகள்.

"பள்ளிக்கூடம் போ மச்சான். பலகையில கடைசியா என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு பாப்போம்."

"ஆத்துப் பக்கம் போடா. தண்ணி முதல்ல அங்கதான் வரும். பள்ளிக்கூடம் எங்க போயிடும்?"

"அதுவும்தான் முழுகப்போகுது."

"மேட்டுல இருக்குங்க. கண்ணைத் திறந்து பாருங்க."

"மேடா அது? உங்க அப்பா வீட்டு மாடிப்படிகூட அதைவிட உசரம்."

"எங்க அப்பா வீட்டை ஏன் இழுக்குறீங்க இப்போ?"

"யாராவது ஒருத்தர் முடிவா சொல்லுங்க" என்றான் தம்பி.

"அவசரப்படாதே" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

தம்பி கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டு, அப்பா வீட்டு மாடிப்படி எத்தனை படி என்ற விவாதத்தில் என் பக்கம் சேர்ந்துகொண்டான். நடத்த ஆளில்லாத அளவையாளர் முச்சந்தியில் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, உள்ளே இருந்த மணலைக் கொட்டத் தொடங்கினார்.