கோட்டுக்கு அடுத்த இடம்

கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதி, அதன் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடுத்த இடத்தைக் காலியாக விட்டுத் திரும்பி நிற்க வேண்டும். என் தம்பி தன் தனிப்பயிற்சி வகுப்பில் வைத்திருந்த முறை அது. இப்போது அவன் மகள் எழுதினாள். அவன் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்திருந்தான். 'ஏன்ஷியன்ட்' என்றாள். 'மாடர்ன்' என்றான். 'போல்ட்' என்றாள். 'டிமிட்' என்றான். நாக்கு ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. சற்று முன்பு அதே நாக்குதான், தண்ணீர் வேண்டுமா, பால் வேண்டுமா என்று கேட்டதற்கு இரண்டுக்கும் 'ஆமா' என்றது. இரண்டையும் கொண்டுவந்து வைத்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூளையில் இரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கம் செயலிழந்த நாளிலிருந்து அவனிடம் எஞ்சிய தமிழ் அந்த ஒரு சொல்தான். தாய்மொழி முழுவதும் போய்விட்டது. தேர்வுக்காகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்த ஆங்கில எதிர்ச்சொற்களோ ஒன்று குறையாமல் நிற்கின்றன. தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இதில் யார்மீது கோபப்படுவது என்றே விளங்கவில்லை. அவன்மீது கோபப்படலாம் என்றால் அவன் அப்படிக் கிடக்கிறான். அந்தப் பட்டியலை வழிகாட்டி நூலில் அச்சிட்டவன்மீது ஏற்கெனவே வேண்டிய அளவு கோபப்பட்டாயிற்று.

மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஆப்போசிட் சார்'. எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை அதைப் பற்றித்தான். ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் வாக்கியத்துக்குள்தான் பிறக்கும், பட்டியலில் பிறக்காது என்பேன். 'ஓல்டு' என்பதற்கு மனிதனைச் சொன்னால் ஓர் எதிர்ச்சொல், சட்டையைச் சொன்னால் வேறோர் எதிர்ச்சொல். எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் எப்படி எழுதவைக்கிறாய் என்று கேட்பேன். அவன் சிரிப்பான். "அண்ணே, கேள்வித்தாள்ல மனுஷனும் இல்ல, சட்டையும் இல்ல. ஒரே ஒரு மார்க்தான் இருக்கு. அத வாங்கிட்டுப் போகட்டும் விடுங்க" என்பான்.

பேச்சுப்பயிற்சி கொடுக்க வரும் பெண்தான், அவனுக்கு எது மனப்பாடமோ அதிலிருந்தே தொடங்கச் சொன்னாள். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் இருவருடைய பாடமும் ஒன்றாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் எச்சரிக்கவும் செய்தாள். "இது பேச்சு இல்ல சார், பழக்கம். பாதிப் பாட்ட நாம பாடினா மீதி தானா வரும் பாருங்க, அந்த மாதிரி. இத வச்சு அவர் மனசுல என்ன இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க."

முடிவு செய்ய வேண்டிய ஒன்று எங்கள்முன் இருந்தது. வேறோர் ஊரில் இத்தகைய நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் இல்லம் ஒன்றில் ஓர் இடம் காலியாகியிருந்தது. மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைப்பார்கள். அழைக்கும்போதே பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து. போன வாரம் அவனைக் குளியலறைக்குத் தூக்கிச் செல்லும்போது என் தம்பி மனைவியும் சேர்ந்து விழுந்தாள். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும்வரை அவன் கனத்துக்கு அடியில் அப்படியே கிடந்திருக்கிறாள். இன்னமும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடிதான் நடக்கிறாள். அவளோ அவனைக் கேட்காமல் அனுப்ப முடியாது என்று ஒரே பிடியாக நின்றாள்.

"எங்க கேக்குறது? அவன்தான் எல்லாத்துக்கும் ஆமாங்கிறானே" என்றேன்.

"கேட்டோம்ங்கிறதாவது இருக்கட்டும் மாமா."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க போறீங்களா?" "ஆமா." "போக வேண்டாமா?" "ஆமா." அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அம்மா, நான் கேக்குறேன்" என்று மகள் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் 'ஸ்டே' என்று எழுதிக் கோடு இழுத்தாள். இரு, தங்கு என்று பொருள். அவன் உடனே 'லீவ்' என்றான். தம்பி மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. "போறேங்கிறாரு."

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏம்மா, என்ன இது? இதுக்கு ஜோசியம் பாத்துட்டு வரலாமே! பாப்பா, தலைகீழா எழுது." அவள் 'லீவ்' என்று எழுதினாள். 'ஸ்டே' என்றான், அதே வேகத்தில், அதே குரலில்.

"இப்ப இருக்கேங்கிறாரே!"

"அவன் எதையும் சொல்லல. நீ ஒண்ணு சொன்னா அதுக்கு எதிரா ஒண்ணு வருது, அவ்வளவுதான்."

"நல்லா இருந்தப்பவும் உங்க தம்பி அப்படித்தான் மாமா" என்றாள். மகள் சிரித்துவிட்டாள். அவளும் சிரித்து, இடுப்பு வலியில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அவன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எந்தப் பெயர் கொடுப்பது என்று இத்தனை சொற்கள் கற்ற எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில்தான் ஆங்கிலத் தேர்வு. சீருடை அணிந்து, ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டிக்கொண்டு, கடைசி முறையாக ஒரு புரட்டுப் புரட்டிவிடலாம் என்று மகள் பலகைமுன் நின்றாள். தம்பி மனைவி அவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி எப்போது ஒலிக்குமோ என்று நான் அதன் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பட்டியல் அகரவரிசையில் வந்துகொண்டிருந்தது. இடையில் 'லீவ்' வந்தது. 'ஸ்டே' என்று சொல்லி அதையும் கடந்தான். 'ஸ்மூத்' என்றாள். 'ரஃப்' என்றான். 'ஸ்டே' என்றாள்.

பதில் இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் சொன்னாள். அவன் வாயை இறுக மூடியிருந்தான். கோணிப்போன உதடு அவ்வளவு நேராக மூடி நான் பார்த்ததில்லை. அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள். 'ஸ்ட்ராங்' என்றாள். 'வீக்' என்றான், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். 'ஸ்வீட்' என்றாள். 'பிட்டர்' என்றான். பழையபடி 'ஸ்டே' என்றாள். வாய் மூடிக்கொண்டது.

"களைச்சுப் போயிட்டான்" என்றேன்.

"ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டுமா மாமா களைப்பு வரும்?"

மூளையின் கோளாறு எந்தச் சொல்லை எப்போது விழுங்கும் என்று யாருக்குத் தெரியும் எனச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நேற்று இரண்டு முறை கேட்டு இரண்டு பதிலையும் புறந்தள்ளியவன் நான். இன்று பதிலே இல்லாததை எப்படிப் புறந்தள்ளுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் தோழிகளின் குரல் கேட்டது. மகள் மற்றக் காலுறையை மாட்டினாள், பையைத் தூக்கினாள், அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். வாசற்படியில் நின்று, "பெரியப்பா, பரீட்சையில அந்த வார்த்தை வந்தா நான் என்ன எழுதுறது?" என்றாள்.

"லீவ்னு எழுது" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

அவள் போன பிறகு தம்பி மனைவி துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டு வந்தவள், ஒரு வரியின்மீது மட்டும் கையை வைக்காமல் அதைச் சுற்றித் துடைத்தாள். கறுத்த பலகையின் நடுவில் 'ஸ்டே' என்ற அந்த ஒரு சொல்லும், அதன் பக்கத்தில் சற்றே கோணலான ஒரு கோடும் நின்றன.

தொலைபேசி ஒலித்தது. நான் கை நீட்டவில்லை. அவள் இடுப்பைப் பிடித்தபடி நடந்து வந்து, சுண்ணத்தூள் படிந்த விரல்களால் அதை எடுத்துக் காதில் வைத்தாள். "சொல்லுங்க" என்றாள். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அவள் பலகையைப் பார்த்தாள். கட்டிலில் அவனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், கோட்டுக்கு அப்பால் யாரோ எழுதப்போகிறார்கள் என்பதைப் போல.