டம்பர் ஏறும் வேகத்தில்

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் நந்தினி மணிமாறனுக்கு ஒரு பாட்டு அனுப்பினாள். அவள் பெரம்பலூரில் டயாலிசிஸ் டெக்னீஷியன். சென்னையில் படித்தபோது ஹாஸ்டலில் உடன் தங்கிய ஷில்லாங்காரி ஒருத்தி அவளுக்கு டூம் மெட்டலைப் பழக்கிவிட்டிருந்தாள், கிடாரையும் சேர்த்து. இடி இடிக்கிற மாதிரி கிடார், ஆனால் அவசரமே இல்லாத தாளம். அதுதான் டூம் மெட்டல்.

மணிமாறன் அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவன். கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டான்.

"பாட்டு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு ரெண்டு வாட்டி ஃபோன ஆஃப் பண்ணிப் போட்டேங்க. அப்பவும் அப்படியேதான் இழுக்குது."

நந்தினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதுவரை அவள் பாட்டைப் போட்டுக் காட்டியவர்கள் எல்லாம் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு நழுவியவர்கள்தான். இவன் உள்ளதைச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஜெயசித்ராவிடம் சொல்லிவிட்டே, ரஞ்சன்குடி கோட்டையில் அவனைச் சந்தித்தாள். மேலே ஏறி நின்றால் நெடுஞ்சாலை தெரிந்தது.

"கீழ பாருங்க, எல்லாம் எப்படிப் பறக்குது! ஒங்க பாட்டு மட்டும் ஏன் நவுர மாட்டேங்குது?"

"அது தொடங்கின கதைய கேளுங்க. இங்கிலாந்துல பர்மிங்காம்னு ஒரு ஊரு, பூராவும் ஃபேக்டரி. அங்க தகரம் வெட்டுற மெஷின்ல ஒரு பையனுக்கு ரெண்டு வெரல் நுனி போயிடுச்சு. கிடார் வாசிக்கிற பையன். வுட்டுடுவானா? பிளாஸ்டிக் பாட்டில உருக்கி வெரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டான். அப்புறம் கம்பியையும் தளர்த்தினான். சத்தம் அடி பாதாளத்துக்குப் போச்சு. அவனோட பேண்டுதான் பிளாக் சாபத்."

"சரி, அப்புறம்?"

"எம்பதுகள்ல எல்லாரும் வேகம் வேகம்னு ஓடுனாங்க. அமெரிக்காவுல செயிண்ட் வைட்டஸ், சுவீடன்ல கேண்டில்மாஸ், இவங்கல்லாம் நாங்க மெதுவாத்தான் போவோம்னு நின்னாங்க. இந்த மூணையும் வரிசையா கேளுங்க. புடிக்கலன்னா வுட்டுடலாம்."

அவன் வரிசையாகவே கேட்டான். முதல் இரண்டு நாள் நடுவிலேயே தூங்கிப்போனான். புதன்கிழமை பகல் ஷிப்டில், கல் நிரம்பிய டம்பரைச் சுரங்கத்தின் அடியிலிருந்து ஏற்றத்தில் எடுத்தான். எஞ்சின் முக்கி முனகியது. வண்டி அங்குலம் அங்குலமாக ஏறியது. முந்தின நாள் கேட்ட கிடார் அந்த உறுமலுக்குள் தானாக ஒலிக்கத் தொடங்கியது. தாளம் கச்சிதமாகப் பொருந்தியது. வண்டிக்குள் தனியாக இருந்தவன் வாய்விட்டுச் சிரித்தான்.

ஷிப்ட் முடிந்ததும் ஃபோன் செய்தான். "நந்தினி, புரிஞ்சிருச்சு! பாரம் ஏத்துன வண்டி பறக்காது. ஆனா அது ஏறும்போது பூமியே அதிருது பாருங்க, அந்தப் பாட்டுதான் இது!"

"இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்றாள் நந்தினி.

சொன்னான். பிறகு, "ரிசப்ஷன்ல நீங்க வாசிக்கிறீங்க. நான் கச்சேரிக்காரர்கிட்ட பேசிடுறேன்."

ஜெயசித்ராவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "நல்ல நாளும் அதுவுமா எழவு வூட்டு மேளம் மாதிரி என்னத்துக்கு? சனம் என்ன பேசும்?"

"ஒரே ஒரு பாட்டு, அத்தை," என்றான் மணிமாறன்.

அவள் யோசித்தாள். "பந்தி போட்டப்புறம் வாசிக்கட்டும். பாதி சனம் சாப்பாட்டுல இருக்கும்."

அப்படியே நடந்தது. பட்டுப்புடவையும் மாலையுமாக நந்தினி கிடாரை மாட்டிக்கொண்டாள். தானே போட்ட மெட்டு. முதல் அடியிலேயே மண்டபத்து ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ஆனால் டிரம்ஸ் வாசித்த கலைமணி குத்துப் பாட்டுக்குப் பழகியவர். நாலு அடிக்குள் கை தானாக வேகம் பிடித்தது. நந்தினி பதறித் திரும்பிப் பார்த்தாள்.

மணிமாறன் நாற்காலியை விட்டு எழுந்து கலைமணியின் பின்னால் போய் நின்றான். அவர் தோளில் உள்ளங்கையால் மெல்லத் தட்டினான். "அண்ணே, லோடு வண்டி. ஏத்தம். மொத கியர்."

கலைமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தாளமும் பிடிபட்டது. ஒரு அடி விழுந்தது. காத்திருந்தார். அடுத்தது விழுந்தது. நந்தினியின் கிடார் அதன்மேல் பாறைபோல இறங்கியது. மணிமாறனுடன் வேலை பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கைகோத்து, கனமாக முன்னும் பின்னும் அசைந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கையலம்பாமல் ஓடிவந்தவர்கள் வாசலில் நெருக்கியடித்தார்கள். ஒரு கிழவர், "நெஞ்சுக்குள்ள வந்து தட்டுதப்பா!" என்று பக்கத்திலிருந்தவர் காதில் கத்தினார்.

கிடாரின் நாதம் அடங்கிக்கொண்டே இருந்தது. கைதட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாயசக் கரண்டியோடு வந்து நின்ற ஜெயசித்ரா மேடையைப் பார்த்துக் கேட்டாள்: "முடிஞ்சிருச்சாடி?"

"இல்லம்மா. பாதிதான் ஆயிருக்கு."

ஜெயசித்ரா முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நிதானமா வாசி. யாரும் எங்கயும் ஓடிடல."