‘கேட்கிறது’ என்று நான் போட்ட டிக்

1

இந்தக் கதையை எழுதத் தூண்டியது இரக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. சென்ற மே மாதம் ஓடைப்பட்டியில் ஒரு பெண் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே ஒரு வாக்கியம். அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னேன், டீயைக் குடித்தேன், பஸ் ஏறிவிட்டேன். இப்போது 2010 ஜூலை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக இரண்டு மாதமாகப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் பங்கிராஸ். வயது நாற்பத்தொன்று. சின்னமனூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். எழுதியதை வாசித்துக் காட்ட எனக்கு ஆள் கிடையாது, அதனால் உங்களிடம் நேராகவே பேசுகிறேன். அடித்த வரிகளையும் அப்படியே விட்டிருக்கிறேன். எந்தெந்த இடத்தில் நழுவப் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

2

முதல் தொடக்கம்: “திராட்சைப் பந்தலின் பச்சை நிழலில் அந்தக் குழந்தை ஒரு தேவதையைப் போல—”

அடித்துவிட்டேன். குறையோடு பிறந்த பிள்ளைகளைத் தேவதை ஆக்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தேவதைக்கு யாரும் பள்ளிக்கூடம் தேடி அலைய வேண்டாம் பாருங்கள். நான் சொல்லவந்த கயல் மூக்கு ஒழுகிக்கொண்டு, கையில் கிடைத்தவரைக் கடித்துவைக்கிற சாதாரணக் குழந்தை.

இரண்டாவது தொடக்கம்: “எழுத்தறிவில்லாத ஒரு தாயின் அலட்சியத்தால்—”

இதை நான்கு பக்கம் எழுதினேன். தடங்கலே இல்லாமல் வந்தது. நானே படித்துவிட்டு நானே நம்பினேன். பிறகுதான் பயம் வந்து கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது: “2003 பிப்ரவரியில் நான் ஒரு டிக் போட்டேன்.”

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அப்போது நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளன். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். தலை நிற்கிறதா, உட்கார்கிறதா, சத்தம் கேட்டால் திரும்புகிறதா என்று படிவத்தில் குறிக்க வேண்டும். குறை இருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். காது விஷயத்தில் சீக்கிரம் என்பதுதான் எல்லாமே. முதல் இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளைக்குப் போய்ச் சேராத மொழியைப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாடு. பதினான்கு ஊர்த் தாய்மார்களுக்கு இதை நானே பாடமாக எடுத்திருக்கிறேன்.

காதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து பொம்மை காட்டி அதன் கண்ணைப் பிடித்துவைக்க வேண்டும். இன்னொருவர் பின்னால் மறைவாக நின்று மணி அடிக்க வேண்டும். எதிரே இருப்பவர் மணியின் பக்கம் பார்க்கவே கூடாது.* பதினான்கு ஊருக்கும் நான் ஒருவன்தான். ஒரு மொபெட், ஒரு பை, ஒரு மணி. அதனால் எதிரே உட்காரும் வேலையை அம்மாக்களிடமே கொடுத்துவிடுவேன். மணியைப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவைப்பேன்.

* பயிற்சியில் இதை மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

4

ஜக்கம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். புருஷன் வீரணன் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. மாதம் ஒரு தடவை இறங்கி வருவான். கயலுக்கு அப்போது ஒன்றரை வயது. சந்தேகம் முதலில் வந்தது ஜக்கம்மாவுக்குத்தான். கோயில் வாசலில் சரவெடி போட்டபோது மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை இமையைக்கூட அசைக்கவில்லை என்று, ரோட்டில் என் மொபெட்டை மறித்துச் சொன்னாள். அலட்சியமான தாய் என்று நான் நான்கு பக்கம் எழுதியது இவளைத்தான்.

பந்தலுக்குள்ளேயே சோதித்துவிடலாம் என்றேன். பெரியவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். கயல் மட்டும் நிமிர்ந்து நடந்தாள். சாக்கை விரித்து, பிள்ளைக்கு எதிரே ஜக்கம்மாவை உட்காரவைத்தேன். நான் பின்னால் போனேன்.

மணியைப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை.

(ஏன் என்று கேட்பீர்கள். ஒரு பிரதியில் மழை வந்ததாக எழுதினேன். பிப்ரவரியில் ஓடைப்பட்டியில் ஏது மழை? இன்னொரு பிரதியில் எனக்குக் காய்ச்சல். காரணம் ஒன்றும் கிடையாது. மறந்துவிட்டேன்.)

வலது பக்கம் அடித்தேன். கயல் திரும்பினாள். இடது பக்கம் அடித்தேன். திரும்பினாள். நன்றாகக் கேட்கிறது, சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி டிக் போட்டேன். ஜக்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு நான் விசிலடித்துக்கொண்டே மொபெட் ஓட்டியது ஞாபகம் இருக்கிறது.

அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அவள் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காது மந்தம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம், சாரே சோதிச்சுப் பாத்துட்டாக என்று என்னைச் சொல்லித்தான் சண்டைக்குப் போனாளாம். நானும் அந்தப் பக்கம் போகும்போது பேச்சு வந்துவிடும், வந்துவிடும் என்றே சொல்லிவந்தேன்.

5

2005 அக்டோபரில் ஒரு முகாமில் கருவி வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் அநேகமாக இல்லை என்றார் டாக்டர். பிறவியிலிருந்தே. கயலுக்கு நாலு வயது முடிந்திருந்தது.

நான் முகாம் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு மணியோசையையும் கேட்டதில்லை. பந்தலுக்குள் அது அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கண் போன பக்கம் தானும் திரும்பியது. உலகத்தில் அதற்கு இருந்தது அந்த ஒரு முகம்தான். அதை அவ்வளவு நன்றாகப் படித்துவைத்திருந்ததற்கு நான் கொடுத்த தண்டனை இரண்டரை வருடம்.

பழைய படிவத்தை யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. கயலுக்குக் காதுக்கருவி மாட்டினார்கள். பிறகு மதுரைப் பக்கம் விடுதியோடு இருக்கிற பள்ளியில் சேர்த்தார்கள். 2007இல் எங்கள் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கே யாரோடும் ரொம்பப் பேச வேண்டியதில்லை.

6

மே மாதம் கயல் விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். இது பாதி உண்மை. ஒரு ஞாயிறு முழுக்க ஒரு மனிதக் குரல்கூட என் அறைக்குள் வரவில்லை, போக வேறு வீடும் இல்லை. அதனால் போனேன்.

ஜக்கம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் கயல் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

“ஒன்னு சொல்லணும் சார். ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கிப் பந்தலுக்குள்ள நீங்க மணி அடிச்சீகள்ல, நாந்தான் மணியப் பாத்தேன். இவ என் மூஞ்சியப் பாத்துத்தான் திரும்புனா. அது எனக்கு அப்பவே தெரியும் சார். கேக்குதுன்னு நீங்க சொல்லவும் அந்த வார்த்தைய விட மனசு வரல. எம்பிள்ளைய நானே கெடுத்துப்புட்டேன்.”

கயலுக்கு முன்னாலேயே சொன்னாள். அவளுக்குத்தான் கேட்காதே.

நான் சொல்லியிருக்க வேண்டியது: பார்க்கக் கூடாதென்று உன்னிடம் சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை, தப்பு என்னுடையது.

நான் சொன்னது:

“விடும்மா. நடந்தது நடந்துபோச்சு.”

மன்னித்துவிட்டேன். கேட்டீர்களா? நான் அவளை மன்னித்துவிட்டேன். அவள் தலையாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்க நல்லவுக என்றாள். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. பஸ் கிளம்பும்வரை அந்த நிம்மதி இருந்தது. அதற்காகத்தான் என்னை எனக்கே பிடிக்காமல் போயிற்று.

7

முடிவு, முதல் வகை: நான் திரும்பிப் போய் உண்மையைச் சொல்கிறேன். அவள் அழுகிறாள், நான் அழுகிறேன், கயல் இரண்டு பேர் கையையும் பிடித்து—

அடித்தேன். சினிமாவுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாம் வகை: அவள் என்னை அறைந்து வெளியே தள்ளுகிறாள். இதை எழுதும்போது எனக்கு ரொம்ப இதமாக இருந்தது. ஆகவே இதையும் அடித்தேன்.

மூன்றாம் வகை: இந்தக் கதை ஒரு பத்திரிகையில் வருகிறது. ஜக்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தது கயல் ஒருத்திதான். அவளால் இதைப் படிக்க முடியுமா என்று அவளுடைய டீச்சர் ஞானபாக்கியத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அவளுக்கு எரநூறு வார்த்தைதான் சார் இருக்கு. ஒம்பது வயசு ஆச்சு. நாலு வயசு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒன்னுமே கொடுக்கலையே. அப்ப யாரு பாத்தாகன்னு தெரியல.”

யாரிடம் சொல்கிறோம் என்று டீச்சருக்குத் தெரியாது. அந்த இருநூறு வார்த்தைகளையும் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். கால் மணி நேரம் எழுதிக்கொண்டேன்.

8

இதுவரை நீங்கள் படித்த கதையைக் கயலின் வார்த்தைகளில் எழுதினால் இவ்வளவுதான் வருகிறது:

*கயல், அம்மாவுக்குக் காட்டு.*
*சார் தப்பு.*
*அம்மா தப்பு இல்லை.*

‘மன்னிப்பு’ அவள் பட்டியலில் இல்லை. நல்லதுதான்.

இந்தத் தாளை விடுதிக்குத் தபாலில் போட்டால், செப்டம்பர் விடுமுறை வரை ஒன்பது வயதுப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போட்டால், அதுவரை ஜக்கம்மா புரியாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கெடுத்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். நேரில் போனால் பஸ்ஸில் நாற்பது நிமிடம். தாளே தேவையில்லை.

நான் போனேனா இல்லையா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னை நம்பி அந்த வேலையைக் கொடுக்க முடியாது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் போனதாக எழுதினால், என் வாக்கியத்தோடு நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்டு ஜக்கம்மா என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுத வேண்டாம். ‘விடும்மா’ என்று சொன்னபோது அவளுக்கு என்ன தோன்றும் என்று ஒரு தடவை நானே முடிவுசெய்துவிட்டேன், அது போதும்.