எதிர்ச்சுவருக்குப் போன படம்

படங்களுக்குச் சட்டம் போட்டுப் போட்டே அவளுக்குச் சட்டக்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது. கண்ணாடி வெட்டுவது கணவன், மரம் இழைத்து மூலை சேர்ப்பது அவள். அவள் மாட்டிய படம் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது என்று ஊரில் எவரும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு, கண்காட்சி அரங்கம் ஒரு பெரிய வேலையை அவர்களிடம் ஒப்படைத்தது. ஒரே பத்திரிகையில் முப்பது ஆண்டுகள் எலியும் பூனையுமாக வேலை செய்த இரண்டு புகைப்படக்காரர்களின் படங்களை எதிரெதிர்ச் சுவர்களில் மாட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒருவர் ஏணிக்காரர். எங்கே போனாலும் தோளில் ஒரு மடக்கு ஏணி. உயரத்தில் ஏறி நின்றுதான் படம் எடுப்பார். மற்றவர் மணைக்காரம்மா. இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகும் பலகையைப் போட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து எடுப்பார். இருவருக்கும் இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

பத்து நாள் அந்தப் படங்களோடேயே இருந்ததில் சட்டக்காரிக்கு இரண்டு பேரும் அத்துப்படி ஆகிவிட்டார்கள். ஏணிக்காரர் படத்தில் மனிதர்களைவிட அவர்களின் நிழல் நீளம். சந்தைக் கூட்டம்கூடக் கோலம் போட்டதுபோல் ஒழுங்காக இருக்கும். ஓரத்தில் ஒரு கை, ஒரு கால் வெட்டுப்படாது. தங்களை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. மணைக்காரம்மா படமோ நேர்மாறு. தலைக்குப் பின்னால் வானம். ஓரத்தில் பாதி முகமாவது வெட்டுப்பட்டிருக்கும். நடுவில் இருக்கிறவர்கள் அவரை நேருக்கு நேர் பார்த்து, பல நாள் பழகியவர்போல் சிரிப்பார்கள்.

திறப்புக்கு முந்தின நாள் காலை, கடைசிப் படம் வந்தது. ஏணிக்காரருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த படம். முப்பத்தொரு ஆண்டுக்கு முன்னால், பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த ஆலை திறந்த அன்று பெண்கள் வாசலுக்குள் ஓடுகிற படம். பள்ளிப் புத்தகத்தில்கூட உண்டு. ஆனால் எல்லோரும் பார்த்தது நடுவில் வெட்டி எடுத்த முகங்களை மட்டுமே. முழுப்படம் வந்தது இதுதான் முதல் தடவை.

உறையைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே புழுதி பறக்கும் பாதங்கள். வலது ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட ஒரு பெண். எல்லோருடைய தலைக்கும் பின்னால் வானம். நடுவில் ஓடி வருகிறவர்கள் நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"ஏங்க, இது சுவர் மாறி வந்திருக்கு" என்றாள்.

கணவன் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தான். "ஏணிக்காரர்னு சீட்டு ஒட்டியிருக்கே."

"சீட்டை விடுங்க. ஏணி மேல நிக்கிறவருக்கு இவங்க மோவாயோட அடிப்பக்கம் எப்படித் தெரியும்?"

அவன் படத்தை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அடி ஆத்தாடி" என்றான்.

அவள் நேராக அரங்கப் பொறுப்பாளரிடம் போனாள். அவருக்கோ தலைக்கு மேல் வேலை. "அம்மா, நீங்க சட்டம் போட வந்தவங்க. யாரு எடுத்ததுன்னு முடிவு பண்றது எங்க வேலை."

"சட்டம் போடுறவ படத்தைப் பார்க்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா சார்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பொறுப்பாளருக்குச் சுருக்கென்றது. "உள்ளே பத்திரிகை ஆபீஸ் பெட்டி அஞ்சு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் கொண்டாங்க, பேசலாம்" என்றார். சொன்னால் போய்விடுவாள் என்று நினைத்தார்.

அவளா போவாள்? கணவனும் அவளும் ஆளுக்கொரு பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பிலிம் ரோலின் படங்களையும் தபால்தலை அளவில் வரிசையாக அச்சிட்ட தாள்கள், நூற்றுக்கணக்கில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. மத்தியானச் சாப்பாடு பொட்டலத்திலேயே கிடந்தது. நாலாவது பெட்டியில், ஏணிக்காரர் பெயர் எழுதிய ஒரு தாளில், ஆலை வாசல் கிடைத்தது. பதினேழாவது படம் அதுதான். கண்ணை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள். பதினெட்டாவது படத்தில் அதே வாசல், அதே பெண்கள். தூரத்தில் ஏணி உச்சியில், கண்ணில் கேமராவோடு, சாட்சாத் ஏணிக்காரர்!

"தன்னைத்தானே அவ்வளவு தூரத்துல இருந்து எடுக்கணும்னா அவருக்கு ரெண்டு உடம்பு வேணுமே!" என்று கணவன் கத்தினான்.

பொறுப்பாளர் தாளைப் பார்த்தார். உட்கார்ந்தார். திரும்பப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் ஏணிக்காரர் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். பூதக்கண்ணாடியை வாங்கிப் பதினெட்டாவது படத்தை வெகுநேரம் பார்த்தார். சட்டக்காரிக்கு ஒரு பெரிய மனிதரின் பேரில் கை வைத்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கு ரெண்டு பேர் ரோலையும் ஒண்ணாக் கழுவினாங்க. இது உங்களோடதுன்னாங்க. நானும் வாங்கிக்கிட்டேன்" என்றார் அவர். "அந்தம்மா ஒரு தடவை கேட்டுச்சு. பொறாமைன்னு ஆபீஸே சிரிச்சுது."

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா ஐயா?"

"வந்துச்சும்மா. வாசல் வரைக்கும் வந்துச்சு. பாராட்டு வந்து உட்கார்ந்திருந்த வீட்டுல அதுக்கு இடம் கொடுக்கலை." அவர் எழுந்தார். "நாளைக்கு அந்தப் படம் என் சுவத்துலயே இருக்கட்டும். நானே எடுத்துக் கொடுக்கிறேன்."

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. மணைக்காரம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தன் எதிரியின் சுவர்ப்பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஏணிக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். சுற்றி வளைக்கவில்லை. "எனக்குப் பேரு வாங்கித் தந்த படத்தை நான் எடுக்கலை. இதோ இருக்காங்களே, இவங்க எடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லாதது என் தப்பு."

அவர் போய்ப் படத்தின் ஒரு முனையைப் பிடித்தார், சட்டக்காரி மறுமுனையைப் பிடித்தாள், கணவன் அடியில் தாங்கினான். மூன்று பேருமாக அரங்கத்தின் குறுக்கே நடந்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. எங்கோ ஒரு கை தட்டியது. அப்புறம் அரங்கமே அதிர்ந்தது. எதிர்ச்சுவரில் ஆணி அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அவள் படத்தை மாட்டுகிறவரை கைதட்டல் ஓயவே இல்லை.

மணைக்காரம்மா எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை. "அந்தச் சுவத்துல இருந்து இந்தச் சுவத்துக்கு வர உங்களுக்கு முப்பத்தொரு வருஷமா?"

"ஏணியைத் தூக்கிட்டு வரணுமில்ல" என்றார் ஏணிக்காரர். அந்தம்மா சிரித்ததைப் பார்த்து அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பிறகு மணைக்காரம்மா சட்டக்காரியின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார். "எத்தனையோ நிபுணருங்க பார்த்த படம். நீ எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"நீங்க எடுத்தா எல்லாரும் உங்களைப் பார்க்கிறாங்கம்மா. ஐயா எடுத்தா யாருமே அவரைப் பார்க்கிறதில்லை."

"சரியாச் சொன்னே" என்றார் ஏணிக்காரர். "நான் இல்லாத மாதிரி நிக்கிறதுதான் என் வித்தை. இதுவரைக்கும் யாரும் என்னைப் பத்தி இவ்வளவு சுருக்கமா எழுதலை." அவர் முகத்தில் இப்போது ஒரு பாரம் இறங்கிய தெளிவு இருந்தது.

மறுநாள் காலைப் பத்திரிகைகளில் அதுதான் முதல் பக்கம். அரங்க வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. பொறுப்பாளரே கடைக்கு வந்து, அடுத்த கண்காட்சிக்கு எந்தப் படத்தை எந்தப் படத்துக்கு எதிரில் வைப்பது என்று அவளே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"செய்றேன் சார். ஆனா சீட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி படத்தை என் கண்ணுல காட்டிடணும்."

"உத்தரவும்மா" என்றார் பொறுப்பாளர். உள்ளே கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த கணவன், "வீட்டுலயும் அதே சட்டம்தான் சார்" என்று குரல் கொடுத்தான்.