மூன்று வரிக்கு ஒரு தாள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கதவோரம் வேண்டாம். ஈரமான கதை ஒன்று சொல்கிறேன், பயப்படாமல் கேளுங்கள். பூவாளிக் கட்சியின் மாதக் கூட்டத்துக்குச் செத்துப்போன உறுப்பினர்களும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பதினோரு நாற்காலி கூடுதலாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மாநிலத்திலேயே சின்னக் கட்சி அது. ஆறு, ஏரி, காற்று, மரம் என்று பேசும். ஒருமுறை முப்பது தொகுதியில் நின்றது. அத்தனையிலும் அதற்கு வாக்குப் போட்டவர்களை ஒரே சினிமா தியேட்டரில் உட்கார வைத்துவிடலாம். மற்றவர்கள் செடிக் கட்சி என்று கேலி செய்வார்கள். சைக்கிள் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் ஓர் அறை, அதுதான் மாநிலத் தலைமை அலுவலகம். காகிதத்தை வீணாக்கக் கூடாது என்பது அவர்களுடைய விரதம் மாதிரி. மற்ற கட்சிகளின் கிழிந்த போஸ்டரைப் பொறுக்கி வந்து அதன் முதுகில்தான் தங்கள் போஸ்டரை எழுதுவார்கள். காற்றில் ஒரு மூலை மடங்கினால் பெரிய கட்சியின் தலைவர் பல்லைக் காட்டுவார்.

தலைவர், ஓய்வு பெற்ற ரசாயன வாத்தியார். செயலாளர், மேல்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தவள். வெட்டி மிஞ்சிய துணியில் பை தைத்து எல்லோருக்கும் கொடுத்ததால் துணிப்பை அக்கா. கட்சியைப் பதிவு செய்யச் சட்டதிட்டம் எழுதியபோது ஐந்து தாள் நிறைந்து, மூன்று வரி ஆறாவது தாளுக்குப் போனது. உறுப்பினராக யார் சேரலாம், எப்போது நீங்குவார் என்கிற வரிகள். மூன்று வரிக்கு ஒரு தாளா என்று வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து தாளையே கொடுத்தார்கள், அதிகாரியும் எண்ணிப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டார்.

பிறகுதான் ஆற்றங்கரைச் சாய ஆலை பெரிதானது. மேல்தெருக் கிணற்றில் தண்ணீர் காலையில் ஊதாவாகவும் மாலையில் துருப்பிடித்த நிறமாகவும் வந்தது. முதலில் செத்தது அக்காவின் வீட்டுக்காரர். மோட்டார் மெக்கானிக், வாழ்நாளெல்லாம் கிணற்றுக்குள் இறங்கி வேலை பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் சட்டதிட்டத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இவரை நீக்க அதில் இடமில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். மை கொஞ்சம் பரவியது. நாலு வருஷத்தில் செத்தவர்கள் பதினொன்று, உயிரோடு ஏழு என்று கணக்கு நின்றது.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்தார். கூட்டணியில் ஒரு தொகுதி தருகிறோம், மேல்தெருவுக்கு மலை அணையிலிருந்து குழாய் போடுகிறோம், சாய ஆலையை மூடச் சொல்லும் தீர்மானத்தை மட்டும் கைவிடுங்கள் என்றார். அக்காவின் மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தது. இந்தத் தண்ணீரைக் குடித்தால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கை தூக்கச் சொன்னார்கள். சரி என்று ஏழு கை, வேண்டாம் என்று பதினோரு கை. அதில் ஒன்று அக்காவின் வீட்டுக்காரருடையது.

"உங்க மக வயித்துல இருக்கறது உங்க பேரப்புள்ள. தெரிஞ்சுதான் கை தூக்கினீங்களா?" அக்கா அவரைக் கேட்டாள்.

"தெரியும். கீழ்த்தெருவுலயும் புள்ளத்தாச்சிங்க இருக்காங்க. அவங்களுக்கு யாரு குழாய் போடுவா?"

"செத்தும் என்னை எதுத்துப் பேசறத விடலயே நீங்க."

"உசுரோட இருந்தப்ப எப்ப ஜெயிச்சேன்? இப்பதான் மெஜாரிட்டி கிடைச்சிருக்கு."

மாவட்டச் செயலாளர் அக்காவைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார். "ரிஜிஸ்டர் உங்க கையிலதானேக்கா இருக்கு? ஸ்கேல வெச்சு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது. எங்க கட்சியில வருஷா வருஷம் போடறோம், அதுவும் உசுரோட இருக்கறவங்களுக்கு."

அக்கா துணி அளக்கும் மர ஸ்கேலை எடுத்து வந்தாள். ஒரு பெயர் மேல் கோடு விழும்போதெல்லாம் ஒரு நாற்காலி காலியானது. பத்து கோடு போட்டுவிட்டாள். பதினோராவதற்கு, ஈரத் தாளில் ஸ்கேல் வழுக்கியது. வீட்டுக்காரர் எழுந்து வந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நேரா போடு. கோணலானா இன்னொரு தாள் வீணாகும்."

போட்டாள்.

குழாய் வந்தது. பேத்தி முழுசாகப் பிறந்தாள். வாத்தியார் ஜெயித்து, சட்டசபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மரம் நடுவதைப் பற்றி மட்டும் பேசினார். கூட்ட அறையில் பதினோரு நாற்காலியும் எத்தனை வெயிலில் வைத்தாலும் காயவில்லை. கீழ்த்தெருவில் என்ன நடக்கிறது என்று அக்காவுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. தைத்து மடித்து வைத்த ரவிக்கைகளை வாங்க ஆள் வராமல் அலமாரி நிரம்பியது.

நாலாவது வருஷம் ஒரு முதல் ஞாயிறு, பத்து மணிக்கு, இரும்புப் படி அதிர்ந்தது. கீழ்த்தெருவின் நாற்பத்தொரு பேர் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் உடம்பில் இருந்தது அக்கா தைத்த துணி. தையலைப் பார்த்தே ஆளைச் சொன்னாள். என் டயரெல்லாம் நனையுது என்று கீழே சைக்கிள் கடைக்காரர் கத்தினார். வரிசையின் முதலில் பால்காரம்மா.

"கட்சியில சேரணும்க்கா. ஃபாரம் குடுங்க."

"உசுரோட இருந்தப்ப வீடு வீடா வந்து கூப்பிட்டேனே, ஒருத்தியாச்சும் வந்தீங்களா?"

"அப்ப எங்கக்கா நேரம்? மாடு, புள்ளைங்க, அடுப்பு. இப்பதான் ஞாயித்துக்கிழமை ஓய்வு."

வாத்தியார் ஐந்து தாளையும் படித்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "சேர்றதுக்கு உசுரு வேணும்னு இதுல எங்கயும் இல்ல."

சேர்த்தால் வாக்கு எப்படிப் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். காலையில் பேத்தி ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததும், மூக்கு நனைந்து சிரித்ததும் கண்ணில் நின்றது. பேனாவை எடுத்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்தாள். நாற்பத்தொரு பெயரும் எழுதி நிமிர்ந்தபோது கடைசியாக வீட்டுக்காரர் நின்றார்.

"எனக்குப் பழைய நம்பரே குடு."

"வரிசையில வந்தா வரிசை நம்பர்தான்."

கூட்டணியை விட்டு விலகுவது, ஆலையை மூடச் சொல்லிப் போராடுவது என்ற தீர்மானம், ஆறுக்கு நாற்பத்துமூன்று என்று நிறைவேறியது. உயிரோடு இருந்து அதற்குக் கை தூக்கியது அக்கா ஒருத்திதான். பதினோராம் நாள் மேல்தெருக் குழாய் நின்றது. "உன் பேத்திக்கு நான் எதைக் குடுக்கறது?" என்று மகள் கேட்டாள். அன்றிலிருந்து தினமும் அக்கா மலை அணைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு குடம் கொண்டுவந்து மகள் வாசலில் வைத்தாள். மகள் குடத்தை எடுத்துக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். பதினேழு வருஷம் பேசவில்லை.

ஆலை இன்னும் ஓடுகிறது. போராட்டமும் நடக்கிறது. ஒரு முதல் ஞாயிறு துணிப்பை அக்காவும் சேலையைப் பிழிந்தபடி படியேறி வந்தாள். வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியைத் துடைத்தார். அவள் நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து, தாளின் இரண்டு பக்கமும் பயன்படுகிற மாதிரி நெருக்கி எழுத ஆரம்பித்தாள். முதல் தீர்மானம், அந்த மாதம் புதிதாகச் சொட்டச் சொட்ட வந்தவர்களுக்கு இன்னும் ஆறு நாற்காலி.

நேரமாகிவிட்டது, போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குடத்தில் அடி தெரிகிற தண்ணீர் இருக்கட்டும். அதைக் குடிக்கிற பிள்ளைகள் நரை கண்டு வாழட்டும். உங்கள் வீட்டு நாற்காலி ஒன்றுகூட ஈரமாகாமல் இருக்கட்டும்.