ஒரு மணிக்குப் போகும் மின்னஞ்சல்

தினமும் மதியம் ஒரு மணிக்கு என் தம்பிக்கு ஒரு மின்னஞ்சல் போகும். எழுதுவது நானல்ல, என் மடிக்கணினி. நான் செய்திருக்கும் வேலையையெல்லாம் அலமாரியின் மேல் இருக்கும் கறுப்புப் பெட்டிக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, பேக்கப் முடிந்தது என்று ஒரே வரியில் அவனுக்குத் தகவல் சொல்லும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு விடுமுறைக்கு வந்திருந்தபோது அவன்தான் அந்தப் பெட்டியை வாங்கி வைத்தான். பொழுது போகாமல் செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும். ரொட்டி டப்பா அளவு இருக்கும். உள்ளே இரண்டு வட்டுகள், முன்பக்கம் மூன்று பச்சை விளக்குகள்.

"லேப்டாப் செத்தாலும் உன் வேலை சாகாதுக்கா," என்றான். "மெயில் எனக்கு வர்ற மாதிரி வெச்சிருக்கேன். உனக்கு வந்தா நீ பாக்க மாட்டே."

"உனக்கு எதுக்குடா தினமும் ஒண்ணு?"

"நல்லதுதானே? அக்கா எழுந்தாச்சு, வேலை பாத்தாச்சு, உசிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன். போனே வேண்டாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். பயணப்பையின் ஜிப்பை இழுத்து மூடுவதற்குள் அவன் அதை மறந்திருப்பான். நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் பன்னிரண்டரைக்கு மடிக்கணினியைத் திறந்து வைத்துவிடுவேன். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டே மேசை வரை வந்து, அதைத் திறந்து, ஒரு மணி ஆகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் திரும்பிப் போய்ப் படுத்தேன். அவனைத் தொலைபேசியில் கூப்பிடுவது அப்படியே குறைந்துபோனது. தினமும் சொல்லிவிடுகிறேனே, தனியாகப் பேச வேறு வேண்டுமா என்று இருந்துவிட்டேன். அவனும் கூப்பிடுவதில்லை. அவனுக்கும் அதே நினைப்புதான் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

அது திங்கட்கிழமை. சிறுநீரக நோய்களைப் பற்றிய அறுநூறு பக்கப் பாடநூல் ஒன்றுக்குச் சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, அதைச் செய்வதுதான் இருபது வருடமாக என் தொழில். யாரும் அதை ரசித்துப் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதே நூலின் முந்தைய பதிப்புக்கு நான் செய்த பட்டியலைப் பார்க்க வேண்டியிருந்தது. அது கறுப்புப் பெட்டியில் இருந்தது. திறக்கப்போனால், இந்த முகவரியில் எந்தச் சாதனமும் இல்லை என்று திரை சொன்னது.

அண்ணாந்து பார்த்தேன். பச்சை விளக்குகள் மூன்றும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. எழுந்துபோய் அதன் முதுகில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. உயிர் இருக்கிறது.

திரையின் மூலையில் பேக்கப் செயலியின் சின்னத்தின் மேல் ஒரு ஆரஞ்சுப் புள்ளி இருந்தது. பல நாட்களாகவே இருந்ததுதான். புதுப்பித்துக்கொள், புதுப்பித்துக்கொள் என்று நச்சரிப்பவற்றில் ஒன்று என நினைத்து விட்டிருந்தேன். காலை முதல் மாலை வரை வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவள் அந்த ஒரு புள்ளியை வாசிக்கவில்லை. அதை இப்போது அழுத்தினேன்.

கடைசி வெற்றி: 118 நாட்களுக்கு முன்.

உடனே சிறுநீரகக் கோப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன். இரண்டு நிமிட வேலை. இனி மடிக்கணினி இந்த நொடியே நின்றுபோனாலும் பிழைப்பு போகாது. அந்த நிம்மதி வந்த பிறகும் நெஞ்சின் படபடப்பு அடங்கவில்லை. அப்போதுதான் அது வேலையைப் பற்றிய பயமே அல்ல என்று புரிந்தது.

நூற்றுப் பதினெட்டு நாட்களாக அவனுக்கு என்னிடமிருந்து ஒரு வரிகூடப் போகவில்லை. அக்கா எழுந்தாளா, வேலை பார்த்தாளா, இருக்கிறாளா என்று எதுவுமே தெரியாமல் நான்கு மாதம். அவன் ஏன் என்று கேட்கவில்லை. இடையில் அவன் மகளின் பிறந்தநாளன்று பேசினோம், நான்கு நிமிடம். அப்போதும் கேட்கவில்லை. காய்ச்சல் நாளும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. யாருக்காக நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்?

கீழ்த்தளத்தில் யாரோ மின்தூக்கியின் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருந்தார்கள். அது விடாமல் கூவிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து யாரோ வந்து சாத்தினார்கள்.

அவனைக் கேட்காமல் நானே சரிசெய்துவிடுவது என்று ஒரு ரோஷம் வந்தது. நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணினேன். நூற்றுப் பதினெட்டாவது நாள், இணைய நிறுவனத்து ஆள் வந்த நாள். பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டி, "இனிமே பறக்கும் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இணையத்தைத் தொடும் ஒவ்வொரு பொருளுக்கும் ரவுட்டர்தான் ஒரு எண் கொடுக்கிறது. புதிதாக வந்தது தன் இஷ்டத்துக்குப் புது எண்களைக் கொடுத்திருக்கிறது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அதன் பக்கத்தைத் திறந்தேன். வீட்டில் இருப்பவர்களின் பட்டியல் அதில் இருந்தது. ஒரு தொலைபேசி, ஒரு மடிக்கணினி, ஒரு பெட்டி. வேறு யாரும் இல்லை. பெட்டியின் எண் முன்பு இருபது என்று முடியும். இப்போது முப்பத்தேழு. என் மடிக்கணினி நான்கு மாதமாக இருபதாம் எண் கதவையே தட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

இது எனக்குத் தெரிந்த கஷ்டம்தான். பட்டியலை முடித்துக் கொடுத்த பிறகு மூன்றாம் அத்தியாயத்தில் யாராவது ஒரு படத்தைச் செருகிவிடுவார்கள். அதன் பிறகு வரும் பக்கங்கள் எல்லாம் ஒவ்வொன்று தள்ளிப்போகும். 212 என்று போட்டிருப்பதை நம்பிப் புரட்டுகிறவர் அங்கே ஒன்றையும் காணாமல், தவறு தன்னுடையதோ என்று நினைத்துக்கொள்வார். பொருள் எங்கும் போயிருக்காது. அடுத்த பக்கத்தில்தான் இருக்கும்.

செயலியில் புதிய எண்ணைக் கொடுத்தேன். புது முகவரி என்பதால் அது என்னை யார் என்று கேட்டது. கடவுச்சொல் வேண்டும். அவனுடைய பிறந்தநாளைப் போட்டேன். இல்லை. அவன் மகளின் பெயர். இல்லை. அவனது திருமண நாள். இன்னும் இருமுறை தவறினால் பூட்டிக்கொள்வேன் என்று பெட்டி எச்சரித்தது. மணி பதினொன்றே கால். ரோஷம் அத்தோடு தீர்ந்தது.

"சொல்லுக்கா. என்ன அதிசயம், வேலை நாள்ல?"

"பெட்டியோட பாஸ்வேர்டு வேணும்."

"எப்படி இருக்கே, சாப்பிட்டியான்னு ஒரு பேச்சு?"

"பாஸ்வேர்டைச் சொல்லுடா."

சிரித்தான். "எதெது போட்டுப் பாத்தே?"

"உன் பிறந்தநாள், உன் பொண்ணு பேரு, உன் கல்யாண நாள்."

"எல்லாமே என்னோடதா? பெட்டி உன்னோடதுக்கா. குண்டூசின்னு இங்கிலீஷ்ல அடி. அப்புறம் நாலு சைபர்."

குண்டூசி என்பது, ஒல்லி உடம்பும் பெரிய தலையுமாக இருந்த பத்து வயது எனக்கு ஏழு வயது அவன் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நாற்பது வருடம் இருக்கும். அது என் தலைக்கு மேலேயே, அலமாரியில், மூன்று வருடமாக இருந்திருக்கிறது.

"இதைப் போயாடா வெச்சே?"

"எந்தத் திருடனுக்கும் தோணாதுல்ல."

பெட்டி திறந்தது. ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு இனி இந்த எண்தான் என்று நிரந்தரமாகக் குறித்துவைக்கும் இடம் ஒன்று இருப்பதாகச் சொல்லி, அதையும் படிப்படியாகச் செய்யவைத்தான். நான் பாட்டுக்கு நன்றி சொல்லி வைத்திருக்கலாம்.

"தினமும் மெயில் வரும், பாத்துக்குவேன்னு சொன்னியே. நூத்திப் பதினெட்டு நாளா நின்னு போயிருக்கு. ஏன்னு ஒரு தடவை கேக்கத் தோணலையா உனக்கு?" சாதாரணமாகக் கேட்கத்தான் நினைத்தேன்.

"நிக்கலையே," என்றான். "தினமும் வருதே."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமாக்கா. உனக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர் போட்டிருக்கேன். ஒரு மணி ஆனா அதுல நம்பர் ஒண்ணு ஏறும். அதைப் பாத்துட்டுத்தான் சாப்பிடவே எந்திரிப்பேன். நேத்துகூட ஏறிச்சு. இரு, திறந்து சொல்றேன்."

விசைப்பலகையின் சத்தம் கேட்டது. பிறகு மவுஸ் சொடுக்கும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக.

"டேய்?"

"எல்லாத்துலயும் ஃபெயில்டுன்னு இருக்குக்கா." அவன் குரல் இறங்கியிருந்தது. "நேத்தும். முந்தாநாளும். அதுக்கு முந்தியும். நான் எதையும் திறந்ததே இல்ல. நம்பரைத்தான் பாத்தேன்."

பெட்டியை எட்ட முடியாத மடிக்கணினி, வெளியுலகை எட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்குத் தன் தோல்வியை அவனுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. காய்ச்சல் நாளிலும்கூட. அதை அவன், அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு சாப்பிடப் போயிருக்கிறான். சொல்லடைவை மட்டும் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடும் வாசகர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. என் பட்டியலையாவது பார்க்கிறார்களே.

"மன்னிச்சிடுக்கா."

"விடு. என் கண்ணு முன்னாடியே ஆரஞ்சுப் புள்ளி இருந்திச்சு. நான் மட்டும் பாத்தேனா?" புண்பட்டவள் நான், சமாதானம் சொல்கிறவளும் நான்.

"இனிமே இப்படி ஆகக்கூடாது," என்றான். குரலில் பொறுப்பு வந்துவிட்டது. "செட்டிங்ஸ் போ. மெயில்னு இருக்கா? தப்பாப் போனா மட்டும் அனுப்புன்னு மாத்து. அதான் முறை. தினமும் வந்தா கண்ணு பழகிடுது. இனி ஒண்ணே ஒண்ணு வந்தாக்கூட போட்டது போட்டபடி ஓடி வந்து பாப்பேன்."

மூன்று வரிகள் இருந்தன. எப்போதும். தவறினால் மட்டும். வேண்டாம். அவன் சொன்னதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எப்போதும் என்றே இருக்கட்டுமே என்று சொன்னால், எதற்கு என்று கேட்பான். என்னிடம் காரணம் இருந்தது. முற்பகல் பதினொன்றரைக்கு அலுவலகத்தில் இருக்கும் ஒருவனிடம் சொல்லக்கூடிய காரணம் அல்ல அது.

"மாத்திட்டியா?"

இரண்டாவது வரியைத் தொட்டேன். "மாத்திட்டேன்."

"குண்டூசின்னா குண்டூசிதான்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று ஒரு மணிக்குத் தொடங்கிய பேக்கப் நான்கு மாதத்தையும் ஒரேயடியாகச் சுமந்துகொண்டு போய்ச் சேர்த்தது. வெயில் தாழும்போதுதான் முடிந்தது. யாருக்கும் தகவல் போகவில்லை.

மறுநாள் பன்னிரண்டரைக்கு, பழக்கத்தில், மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாயோடு எழுந்துவிட்டேன். இடக்கையால் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். பெட்டியின் பின்னால் ஒரு நீலக் கம்பி. அதன் முனையில் நகம் அளவு பிளாஸ்டிக் கொக்கி. பெருவிரலால் அழுத்தினால் கழன்று வந்துவிடும். ஐந்து நிமிடம் கழற்றிவைத்தால் போதும். ஒரு மணிக்கு அவனுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். ஓடி வந்து பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறான்.

கொக்கியின் மேல் விரல் வைத்துக்கொண்டு நின்றேன். நான் நன்றாக இருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனால் தெரியும். எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டுச் சன்னல் வழியாக யாராவது பார்த்தால், எச்சில் கையோடு நாற்காலியில் எக்கி நிற்கும் ஐம்பது வயதுப் பெண் தெரிந்திருப்பாள். விரலை எடுத்துவிட்டு இறங்கினேன்.

ஒரு மணிக்கு விளக்குகள் படபடத்தன. மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஆரஞ்சுப் புள்ளி இல்லை. கை கழுவிக்கொண்டு வந்து அவனைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, மறுபடியும் போயிடுச்சா?" நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"இல்லடா. ஒழுங்கா முடிஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

அந்த அப்புறத்துக்கு என்னிடம் எதுவும் தயாராக இல்லை. மூன்று வருடமாக எனக்காக ஒரு இயந்திரம் பேசியிருந்தது.

"இன்னிக்குச் சமையல்ல உப்பு போட மறந்துட்டேன்," என்றேன்.

இது பழுதா இல்லையா என்று யோசிக்கிறான் போலும். அவனுக்குப் பின்னால் யாரோ, சாப்பிட வரலையா என்று கேட்டார்கள். நீங்க போங்க, வர்றேன் என்று சொல்லி அனுப்பினான்.

"சுத்தமாவே போடலையா?"

"சுத்தமா."

"சரி, இப்பப் போட்டுக்கோ," என்றான். தொடர்பைத் துண்டிக்கவில்லை. தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டே உப்பு டப்பாவை எடுக்கப் போனேன்.