ஏழாவது அடுக்கின் கடல்

பாதி வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் சங்கரனின் சொம்பில் சேறு ஏறியது.

மனைவி நாகலக்ஷ்மியைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். குளிக்காமல் உள்ளே போகக்கூடாது. செம்பூரில் அவர்கள் கட்டடத்துக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வரும். டோம்பிவிலியிலிருந்து வந்திருந்த தங்கை அகிலாண்டம், பால்கனியில் இருந்த வாளியைத் தூக்கிப் பின்பக்கம் வைத்திருந்தாள்.

"அகிலா, இது ஊறப்போட்ட மண்ணுடி."

"தெளிஞ்ச ஜலமான்னா இருந்துது. நான் என்னத்தக் கண்டேன்?"

அவளைச் சொல்லி என்ன பயன்? ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரியலூர்ப் பக்கத்துக் களிமண் அது. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்ததாம். மண்ணியல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாகலக்ஷ்மி, பதினோரு வருஷமாக அந்தக் கடலை அடுக்கு அடுக்காகத் தேடிக்கொண்டிருந்தாள். மண்ணுக்குள் கடுகைவிடச் சின்னச் சிப்பிகள் கிடக்கும். மிதந்து வாழ்ந்த ஜாதி நிறைய இருந்தால் ஆழக்கடல், தரையில் கிடந்த ஜாதி நிறைய என்றால் கரையோரம். ஆறு அடுக்குகள் முடிந்துவிட்டன. ஏழாவதில் கடல் விலகிப்போனதா, இல்லையா என்பதுதான் பாக்கி. அந்த அடுக்கின் மண் இந்த வாளியில் இருந்ததுதான்; அதை எடுத்த மேட்டில் இப்போது வீடுகள் வந்துவிட்டன, இனி எடுக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட, "வாளியக் கொட்டிடாதேங்கோ" என்றுதான் சொன்னாள். மகராசிக்குப் போகிற நேரத்தில் புருஷனைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

"மிச்சத்தக் கொட்டிட்டு வா அண்ணா. எல்லாத்தையும் அலம்பி விடணும், தீட்டு."

"இதக் கொட்ட மாட்டேன். நீ உள்ள போ."

நல்லவேளை, மேல் தண்ணீர்தான் போயிருந்தது. ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் குளித்துவிட்டு, அவள் மண் கழுவும்போது குழாய் திருகிக் கொடுத்த பழக்கத்தில், மண்ணைச் சல்லடையில் இட்டு மெல்லக் கழுவினார். சேறெல்லாம் ஓடி ஒரு சிட்டிகை மணல் நின்றது. அதைக் கண்ணாடித் தட்டில் பரப்பி அவளுடைய மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார்.

அம்மாடி, எத்தனை! உருண்டையாக, சுருளாக, கோத்த மணிபோல.

"செத்த வந்து பாருங்கோளேன்" என்று முப்பத்திரண்டு வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அவருக்குப் பேப்பர் இருக்கும், கிரிக்கெட் இருக்கும். "அப்பறம் பாக்கறேன்" என்பார். இப்போது பார்க்கிறார். இவற்றில் எது மிதந்தது, எது தரையில் கிடந்தது? ஒருநாள் கேட்டிருக்கலாமே, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"கிடைச்சுதா அண்ணா?" என்று அகிலாண்டம் கதவருகே வந்து கேட்டாள்.

"எல்லாம் இருக்கு."

அவள் நின்று பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சங்கரன் நாகலக்ஷ்மியின் நோட்டில் புதுப்பக்கம் புரட்டி, பென்சிலால் முதல் சிப்பியை வரைந்தார். வட்டம் கொஞ்சம் கோணிக்கொண்டது. பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டு, அடுத்ததை வரையத் தொடங்கினார்.